கொலு லிஸ்டும் கேஸ் விற்க வந்தவரும்

அமெரிக்காவில், எடிசன் ஊரில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் கேஸ் பில் கட்டுவது என் பொறுப்பு. கணவர் காலையில் மன்ஹாட்டன் ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவார். எனக்கோ வேலைக்குப் போக அனுமதி இல்லாத விசா. எம்.எஸ்சி. படித்துவிட்டு வீட்டில் இருப்பவள், மாதம் ஒரு செக்கையாவது பிழையில்லாமல் அனுப்ப வேண்டும் என்று நினைப்பேன். ஒட்டிய உறையைப் பிரித்து, கையெழுத்துப் போட்டிருக்கிறேனா என்று மறுபடி பார்த்த நாட்களும் உண்டு.

இரண்டாயிரமாவது வருட நவராத்திரியின்போது ஒரு மதியம் கதவு தட்டப்பட்டது. டை கட்டிய ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றார். கேஸ் பில் விஷயமாகப் பேச வேண்டும் என்றார். வேறு நாளாக இருந்தால் சங்கிலியை எடுக்காமலே பேசி அனுப்பியிருப்பேன். கொலு வைத்திருக்கும் வீட்டுக்கு வந்தவரை வாசலோடு அனுப்ப மனம் வரவில்லை. உள்ளே அழைத்து, பேப்பர் கப்பில் சுண்டலும் கொடுத்தேன்.

புதுச் சட்டம் வந்திருக்கிறது, கேஸை யாரிடம் வாங்குவது என்று இனி நீங்களே முடிவு செய்யலாம் என்றார். அதே குழாய், அதே பில். விலை மட்டும் குளிர்காலம் முழுக்க ஏறாது என்றார். கணவரிடம் காட்ட எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். கைக்கெட்டிய காகிதம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கொலு லிஸ்ட்தான். மேலே பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் மஞ்சள் குங்குமத்துக்கு அழைக்க வேண்டிய ஆறு வீடுகளின் கதவு எண்கள். அதன் அடியில் விலையை எழுதி, "குளிர்காலம் முழுவதும் மாறாது" என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுத்திலேயே இருக்கிறதே என்று, கணவர் வரும்வரை காத்திராமல் அவர் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு லிஸ்டைக் காட்டி, இவர்கள் யார் என்று கேட்டார். தோழிகள் என்றேன். பேனாவை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் டிக் போட்டார். நான் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமல்ல, யார் யார் மதியத்தில் வீட்டில் இருப்பார்கள் என்றும் சொன்னேன்.

ஜனவரி பில் ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்தது. கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். சந்தை விலைக்கு ஏற்ப மாறும் என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்கிறதே என்றார்கள். பாதியில் விலகினால் அபராதமாம். பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்த்திருக்கவில்லை.

கேஸில் ஓடும் ஹீட்டரைக் குறைத்து வைத்தேன். மூன்று வயது மகள் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட்டோடு நின்றாள். "குளிருதாடா?" என்றேன். "அம்மா, ஆர் வி கோயிங் அவுட்?" என்று கேட்டாள். அன்று மாலையே கணவரிடம், புகார் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"கவர்ன்மெண்ட்ல கம்ப்ளெயிண்ட் எல்லாம் வேணாம்மா. கிரீன் கார்டு ப்ராசஸ் ஓடிட்டிருக்கு."

"கேஸ் பில்லுக்கும் கிரீன் கார்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இருக்கா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வாயைத் திறக்க வைத்தது மாடி வீட்டு அக்கா. வங்கியில் வேலை பார்ப்பவர், பேச்சில் தயவு காட்ட மாட்டார். துணி துவைக்கும் அறையில் பிடித்துக்கொண்டார்.

"ஏய், அந்த கேஸ்காரன் உன் பேரைச் சொல்லித்தான் உள்ள வந்தான். கீழ்வீட்டு ஃப்ரெண்ட் சைன் பண்ணிட்டாங்கன்னான். சுண்டல் பிரமாதம்னு சர்டிஃபிகேட் வேற! நீயே ஜாயின் பண்ணிட்டேன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் சைன் பண்ணேன். இப்ப பில்லைப் பாத்தா வயிறு எரியுது."

"எல்லார்கிட்டயும் போனானாக்கா?"

"ஆறு வீடும். கரெக்டா நம்மாளுங்க வீடா பாத்துப் போயிருக்கான். எப்படித் தெரிஞ்சுதோ!"

எப்படி என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை கணவர் கிளம்பியதும், கேஸ் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் மாநில அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எங்கள் விசா நிலைமையையும் கேட்டேன். பேசிய பெண்மணி சிரிக்கவில்லை. கேஸ் வாங்கும் யாரும் புகார் செய்யலாம், விசாவை நாங்கள் கேட்பதே இல்லை என்றார். அந்தக் கம்பெனியைப் பற்றி வேறு ஊர்களிலிருந்தும் புகார் வந்திருக்கிறதாம். ஆனால் விலை ஏறாது என்று யாரிடமும் சொல்லவே இல்லை எனக் கம்பெனிக்காரர்கள் சாதிக்கிறார்களாம். விற்க வந்தவர் கைப்பட எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியாக எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

பிள்ளையார் சுழி போட்ட காகிதத்தை நான் குப்பையில் போடுவதில்லை. அலமாரியிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கி ஒவ்வொரு பொம்மையாகப் பிரித்தேன். லிஸ்ட் செட்டியார் பொம்மையைச் சுற்றியிருந்தது. மஞ்சள் கலையவில்லை. அவருடைய எழுத்தும் கலையவில்லை. கூடவே அந்த ஆறு டிக்குகளும்.

நூலகத்து ஜெராக்ஸ் மெஷினில் லிஸ்டை மடித்து, அவர் எழுதிய அடிப்பகுதி மட்டும் தெரியும்படி வைத்தேன். மூடியை இறக்கினேன். காசையும் போட்டேன். பட்டனை அழுத்தக் கை போகவில்லை. கதவு எண்களை மறைத்தால் அது என் ஒரு வீட்டுக்கான சாட்சி. டிக்கோடு சேர்ந்தால்தான் ஆறு வீட்டுக்கும். மடிப்பைப் பிரித்து, முழுத் தாளாக ஏழு பிரதிகள் எடுத்தேன். அன்று மாலையே கணவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், விசாவை அவர்கள் கேட்பதில்லை என்பதையும். லிஸ்டை வாங்கிப் படித்துவிட்டு, "அக்கவுண்ட் என் பேர்ல இருக்கு. ஃபார்ம் கொண்டா, நான் சைன் பண்றேன்," என்றார்.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு கதவுகளையும் தட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: அந்த ஆளுக்கு உங்கள் கதவு எண்ணைக் கொடுத்தது நான். சொல்லிவிட்டு லிஸ்டை நீட்டினேன்.

மாடி அக்கா லிஸ்டை வாங்கிப் பார்த்தார்.

"அடிப்பாவி! தாம்பூலத்தோட எங்க அட்ரஸையும் சேத்தா குடுத்தே?"

"தப்புதான்கா."

"அழுது தொலைக்காதே, அவன் எழுதினது அழிஞ்சிடும். ஃபார்மை எடு."

அந்தச் சனிக்கிழமை என் சாப்பாட்டு மேஜையில் ஐந்து பேர் உட்கார்ந்து, அந்த ஆள் சொன்னதை அவரவர் வார்த்தையில் எழுதினார்கள். எதிர்க் கட்டடத்துப் பெண் மட்டும் வரவில்லை. கல்யாணமாகி வந்து சில மாதங்களே ஆனவள். நான் போனபோது, "உங்களை நம்பித்தான் அவனை உள்ள விட்டேன். மறுபடி உங்களை நம்பி ஒரு சைனா?" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஆறில் ஒன்றை விட்டுவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. இரண்டாம் முறை போனேன், திறக்கவில்லை. மூன்றாம் முறை, கையெழுத்துப் போட வேண்டாம், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தை மட்டும் நாம் சேர்ந்து படிப்போம் என்றேன். கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே இருவரும் வரி வரியாகப் படித்தோம். முடித்தபோது அவளே பேனாவைத் தேடினாள்.

வசந்தம் முடிவதற்குள் கடிதம் வந்தது. அபராதம் இல்லாமல் பழைய கம்பெனிக்குத் திரும்பலாம். கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மாநில அலுவலகம் உத்தரவிட்டிருந்தது. செக்குகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. எங்களுடையதை வங்கியில் போட்ட பிறகும், தபால்காரர் எதிர்க் கட்டடத்துக்குப் போகிறாரா என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வீட்டிலிருந்து சேதி வந்துவிட்டது, ஆறாவது வரவில்லை. அவள் படிவத்தில் ஏதாவது தப்பாக எழுதவைத்தேனோ என்று என்னிடமிருந்த பிரதியை எத்தனை முறை படித்திருப்பேன்!

ஒரு வியாழக்கிழமை ஃபோன் அடித்தது.

"அக்கா, செக் வந்திடுச்சு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். "அமௌண்ட் சரியா இருக்கான்னு பாத்தியா?"

"பாத்தேன். பின்பக்கமும் பாத்தேன்." அவள் சிரிப்பது கேட்டது. "அக்கா, அடுத்த கொலுவுக்கு என்னைக் கூப்பிடுவீங்கல்ல?"

"லிஸ்ட்ல மொத பேரே உன்னுதுதான்."

"சரி. ஆனா லிஸ்டை ஃப்ரிட்ஜ்ல ஒட்டாதீங்க."