தோளில் விழுந்த துண்டு

போன தேர்தலில் வாக்கு எண்ணிய அன்று காலையிலிருந்தே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையின் அடியில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு நிறம், ஓர் எண். கடைசியில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு கட்டம், ‘மற்றவர்கள்’ என்று. என் மகள் கேட்டாள், “மற்றவர்கள்னா யாரும்மா?”

“கட்சி இல்லாம நின்னு ஜெயிச்சவங்களும் அதுல இருப்பாங்க.”

“அவங்க டெல்லியில போயி யாரு பக்கம் உக்காருவாங்க?”

சின்னக் கேள்விதான். ஆனால் ‘அது பெரிய கதைம்மா’ என்றுதான் சொல்ல முடிந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ‘சுயேச்சை’ என்ற சொல் காதில் விழுந்தால் எனக்கு டிஞ்சர் வாசனை வரும்.

டிஞ்சருக்குக் காரணம் இருக்கிறது. நான் டைப்பிஸ்ட்டாக வேலை பார்த்த எம்.பி. அலுவலகம், அதற்கு முன்னால் மாட்டு ஆஸ்பத்திரி. ராஜபாளையத்தில் டாக்டர் வீட்டு முன்னறை அது. இருபது வருஷம் அவர் அங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்தவர். சேத்தூரிலிருந்து வன்னியம்பட்டி வரைக்கும் அவர் கைபடாத தொழுவம் இல்லை. அந்தத் தேர்தலில் பெரிய கட்சிகள் இரண்டும் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்த, இரண்டு பக்கமும் உள்ளூர்க்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். யாரோ விளையாட்டாக டாக்டர் பேரைச் சொன்னார்கள். தையல் மெஷின் சின்னத்தில் நின்றார். ஜெயித்தும்விட்டார். எல்லாரையும்விட அதிகம் ஆச்சரியப்பட்டவர் அவர்தான்.

எம்.பி. ஆன பிறகும் ஜனங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு கையில் மனு, இன்னொரு கையில் கயிறு. சோழபுரத்துக்காரர் ஒருவர் ரேஷன் கார்டு விஷயமாக வந்துவிட்டு, “அப்படியே இந்தக் கெடாவுக்கும் ஒரு ஊசியப் போட்டு விட்டுருங்க” என்றார். டாக்டர் போட்டும்விட்டார். நான் மனுவை டைப் செய்துகொண்டிருந்தேன். கெடா என் துப்பட்டாவைத் தின்றுகொண்டிருந்தது.

நாடாளுமன்றத்தில் கட்சிக்கு இத்தனை நிமிஷம் என்று நேரத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். தனி ஆளுக்கு மிஞ்சுவது இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அதுவும் கடைசியில், பாதிப்பேர் எழுந்து போன பிறகு. கோமாரி தடுப்பூசி எங்கள் பக்கம் சரியாக வந்து சேராததைப் பற்றி டாக்டர் பேச வேண்டியிருந்தது. முன்னறையில் நின்று ஒத்திகை பார்ப்பார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“சார், ரெண்டு நிமிஷம் முடிஞ்சிருச்சு.”

“இப்பத்தானம்மா மாட்டுக்குக் காய்ச்சலே வந்திருக்கு!”

வெட்டி வெட்டிச் சுருக்கினோம். டெல்லிக்குப் போய்ப் பேசினார். நாங்கள் வெட்டியது போதவில்லை. தடுப்பூசி என்ற சொல் வருவதற்குள் மணியடித்துவிட்டார்கள். திரும்பி வந்தவர், “எனக்கு முன்னால பேசினவருக்கு இருவது நிமிஷம்மா. அவரு பாதி நேரம் அவரு தலைவரத்தான் புகழ்ந்தாரு” என்றார். கோபமில்லை அவருக்கு. அந்த நேரத்தில் எத்தனை மாட்டைப் பார்த்திருக்கலாம் என்று யோசித்திருப்பார்.

கதைக்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் பஸ்ஸில் ராஜபாளையத்துக்குப் போய்வருவேன். என் பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கட்சியின் வார்டு செயலாளர். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். அவர் வேட்டிக் கரையின் நிறத்தைச் சொன்னால்கூட இன்றைக்கும் வீட்டில் சண்டை வரும். முப்பது வருஷம் அந்தக் கரை வேட்டியைத் தவிர வேறு வேட்டி கட்டாதவர். அவருடைய மகள் செண்பகத்துக்குக் கல்யாணம் வைத்தார்கள். ‘டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்’ என்று நான்தான் பெருமையடித்தேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. எம்.பி. காரிலிருந்து நான் இறங்குவதை என் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

“அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க சார்” என்று மூன்று தடவை கேட்டேன். வந்தார்.

மண்டபத்தில் டாக்டர் மேடையேறி மணமக்களை வாழ்த்திவிட்டுத் திரும்பினார். பெரியப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. எம்.பி. நிஜமாகவே வந்துவிட்டார், மரியாதை செய்யக் கையில் சால்வை இல்லை. கட்சிக்காரர்களுக்குப் போடுவதற்காக அடுக்கி வைத்திருந்த கரைத்துண்டில் ஒன்றை உருவி டாக்டர் தோளில் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் கட்சியின் மாவட்டத் தலைவர் நின்று கைதட்டினார். பளிச்சென்று ஒரு வெளிச்சம். போட்டோ எடுத்தவர் யார் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. அடியில், சுயேச்சை எம்.பி. இன்ன கட்சியில் சேர்ந்தார் என்று நான்கு வரி. டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது வாரம் ஃபேக்ஸ் மெஷின் கிறீச்சிட்டது. அந்த வழவழப்பான தாள் சூடாகச் சுருண்டு வெளியே வரும்போது ஒரு மருந்து நெடி அடிக்கும். தோற்றுப்போன வேட்பாளர் ஒருவருக்காக, அவர் கட்சி எம்.பி. ஒருவர் சபாநாயகருக்கு மனுப் போட்டிருந்தார். பேப்பரில் வந்த படத்தையும் இணைத்திருந்தார். ஏழு நாளைக்குள் டாக்டர் விளக்கம் அனுப்ப வேண்டும்.

“இதுக்கு என்ன சார் ஆகும்?”

டாக்டர் தாளை மடித்தார். திரும்பப் பிரித்தார். “சுயேச்சையா ஜெயிச்சவன் பொறவு எந்தக் கட்சியில சேந்தாலும் பதவி போயிரும்மா. சட்டம் அப்படித்தான். நான் சேரலன்னு காட்டணும்.”

“அத உடனே எடுத்துக் கீழ வச்சிருக்கலாம்ல சார்?”

“பொண்ணப் பெத்தவரு ஆசையாப் போட்டது. மேடையில வச்சு அத எடுத்தா அவரு மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?”

நான் அழைத்துப்போன கல்யாணம். என் பெரியப்பா போட்ட துண்டு. அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடினேன். லட்சக்கணக்கான ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவரை, சொந்தக்காரர்கள் முன்னால் காரிலிருந்து இறங்க ஆசைப்பட்ட ஒருத்தி கீழே இறக்கிவிடப் போகிறாள். பஸ்ஸில் தோளில் துண்டோடு யார் ஏறினாலும் கரையைத்தான் பார்த்தேன். அம்மா என்னவென்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மூன்றாம் நாள்தான் கல்யாண வீடியோ ஞாபகம் வந்தது. டாக்டர் துண்டை எடுத்துக் கீழே வைப்பது அதில் பதிவாகியிருந்தால் போதுமே. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பெரியப்பா தனியாக இருந்தார்.

“கல்யாணக் கேசட்ட ஒருதடவ பாக்கணும் பெரியப்பா.”

“ஏட்டி, அம்புட்டு அவசரமா? இரு, நானும் பாக்கேன்.”

அவர் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏன் தோன்றியது, தெரியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தாலி கட்டு முடிந்தது. மேடை வந்தது, துண்டு வந்தது. பெரியப்பா சந்தோஷமாக, “பாரு, எப்படிக் கும்பிடுதேன்னு” என்றார். அடுத்தது பந்தி. டாக்டர் இலையில் சாப்பிடுகிறார், துண்டு தோளில் கிடக்கிறது. பிறகு கை கழுவுகிற இடம். கேமராக்காரர் ஏன் அங்கே வரைக்கும் போனாரோ. டாக்டர் குழாயை மூடுகிறார். யாரிடமோ பேசிக்கொண்டே தோளிலிருந்த துண்டை உருவி, வாயைத் துடைக்கிறார், ஒவ்வொரு விரலாகக் கையைத் துடைக்கிறார். ரசத்துக் கறையோடு அதை ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டுப் போகிறார்.

மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தாலும் அப்படித்தான் துடைப்பார். கையில் இருப்பது என்னவென்றே அவர் பார்க்கவில்லை.

“நிப்பாட்டு” என்றார் பெரியப்பா.

நிறுத்தினேன். நான் அழ ஆரம்பித்து, ஃபேக்ஸ் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் அதை அனுப்பினால் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தக் கரையில் ஒருவர் எச்சில் கையைத் துடைத்தார் என்றால், அதுவும் கட்சியின் வார்டு செயலாளர் வீட்டுக் கல்யாணத்தில் என்றால், மறியல்தான், பஸ் ஓடாது.

பெரியப்பா கேட்டார், “இத டாக்டரு பாத்தாவளா?”

“இல்ல பெரியப்பா. இன்னும் சொல்லல.”

“நீ போ. கேசட்டு இங்கனயே இருக்கட்டும்.”

மறுநாள் மத்தியானம் டாக்டரிடம் சொன்னேன். நான் அதுவரை அவர் பயந்து பார்த்ததில்லை. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “தொடச்சனா? அந்தத் துண்டுலயா? ஒங்க பெரியப்பா பாத்துட்டாரா?” மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டார். பதவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “வண்டிய எடுக்கச் சொல்லு. முதல்ல அவருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

பதினோரு கிலோமீட்டர். வழியெல்லாம் கையைப் பிசைந்துகொண்டே வந்தார். பெரியப்பா வாசலிலேயே நின்றிருந்தார். வேட்டியில் கரை இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ நடந்திருக்கிறது என்று.

“தெரியாமச் செஞ்சிட்டேன். மன்னிச்சிருங்க” என்றார் டாக்டர்.

“கை நனைஞ்சா தொடைக்கத்தான துண்டு? உள்ள வாங்க.”

உள்ளே போனதும் பெரியப்பா ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். ரிஜிஸ்தர் தபால் ரசீது. சபாநாயகருக்கு அவரே கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். ‘துண்டு போட்டவன் நான். கல்யாண வீட்டு மரியாதைக்காகப் போட்டேன். அவர் எங்கள் கட்சியில் சேரவும் இல்லை, நாங்கள் சேர்க்கவும் இல்லை. வார்டு செயலாளராக எனக்கு இது தெரியும்.’ நகலை டாக்டர் படித்தார்.

“என்ன காரியம் செஞ்சீங்க! ஒங்க மாவட்டத் தலைவரு, நான் சேந்துட்டேன்னுதான சொல்லிட்டுத் திரியிறாரு. ஒங்கள வச்சிருப்பாங்களா?”

“வைக்க மாட்டாவ.”

“அப்பறம் ஏன்?”

“நான் போட்ட துண்டுல்லா.”

டாக்டர் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெரியப்பா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கும்போது இரண்டு பேரும் செண்பகத்தின் மாமியார் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். நான் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டேன்.

டாக்டரின் விளக்கத்தை நான்தான் டைப் செய்தேன். கேசட்டைப் பற்றி அதில் எதுவும் இல்லை. வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறாம் நாள் அனுப்பினோம். பதினைந்து நாளில் பெரியப்பாவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். கட்டுப்பாட்டை மீறினார் என்று அவர்கள் பத்திரிகையில் ஒரு வரி. தெருவில் யாரோ கேலி செய்தபோது, “ஆமாலே, நானும் இப்பம் சுயேச்சதான்” என்றாராம். வீட்டில் வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார் என்று பெரியம்மா சொன்னாள்.

டெல்லியிலிருந்து பதில் வரவேயில்லை. மாசக்கணக்காகத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் டைப்பிங்கை நிறுத்திவிடுவேன். டாக்டரும் உள்ளே பேசிக்கொண்டிருப்பதை நிறுத்துவார். கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை, மனு. சபாநாயகரிடம் போன மனு நிலுவையில் இருக்கும்போதே அந்த அரசு கவிழ்ந்து சபையைக் கலைத்துவிட்டார்கள். பதவி போகவுமில்லை, பறிக்கப்பட மாட்டாது என்று யாரும் சொல்லவுமில்லை.

டாக்டர் மறுபடியும் நின்றார். கட்சி இல்லாதவருக்குப் பழைய சின்னம் சொந்தமில்லை. தையல் மெஷினை இரண்டு பேர் கேட்டார்கள், குலுக்கலில் அது யாரோ ஒரு முன்பின் தெரியாதவருக்குப் போய்விட்டது. டாக்டருக்குக் கிடைத்தது மெழுகுவர்த்தி. பெரியப்பா தானாகவே வந்து ஆட்டோவில் மைக் பிடித்தார். வன்னியம்பட்டி முக்கில் நானும் உடன் இருந்தேன். அருமையாகப் பேசினார். மாட்டு டாக்டரைத் தெரியாதவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். கடைசியில் குரலை உயர்த்தி, “மறந்துராதீய, நம்ம சின்னம்” என்றவர், முப்பது வருஷப் பழக்கத்தில் அவருடைய பழைய கட்சியின் சின்னத்தைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவின் அந்தப் பக்கமாக இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மெழுகுவர்த்தி, மெழுகுவர்த்தி என்று நான் பத்துத் தடவை கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டாக்டர் தோற்றார். தையல் மெஷின்காரர் ஊருக்குள் வராமலேயே ஆயிரக்கணக்கில் ஓட்டு வாங்கினார். போட்டவர்கள் அத்தனை பேரும் டாக்டருக்குப் போட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரமே முன்னறை மறுபடியும் மாட்டு ஆஸ்பத்திரியாகிவிட்டது. எனக்கு ஒரு மில்லில் வேலை கிடைத்தது.

டாக்டரும் பெரியப்பாவும் இப்போது இல்லை. அந்த வீட்டை இடித்து செல்போன் கடை கட்டிவிட்டார்கள். தொகுதிகளைத் திருத்தி வரைந்தபோது அந்தத் தொகுதியே இல்லாமல் போனது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வேறொரு பெயருக்குள் போய்விட்டன. முன்பெல்லாம் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சீட்டில் பெயர் தெரியாத சுயேச்சைகளுக்கு நடுவே, ஊருக்குத் தெரிந்த ஒரு பெயராவது இருக்கும். சென்ற முறை ஓட்டு இயந்திரத்தின் முன்னால் நின்று கடைசிப் பெயர் வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஆள் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. “செத்த சீக்கிரம்மா” என்றார், மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி.