மூன்று மாத ஓய்வூதியத்தில் ஒரு சோடிச் செருப்பு

பொருள் அணியப்படாத நிலையில், விற்பனைச் சீட்டுடனும் அதற்குரிய பெட்டியுடனும், வாங்கிய முப்பது நாட்களுக்குள் ஒப்படைக்கப்படுமாயின் முழுத் தொகையும் மீள வழங்கப்படும். நான்கு மொழிகளில் அச்சிட்ட ஒரு சிறிய அட்டையில், ஆங்கிலப் பகுதியின் மூன்றாவது பந்தி இப்படிச் சொன்னது. சுற்றறிக்கைகளோடு முப்பத்திநான்கு வருடம் குடும்பம் நடத்தியவன் நான். நிபந்தனைகள் தெளிவு, பலன் தெளிவு, உபபிரிவு ஒன்றும் இல்லை. இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட விதியை என் திணைக்களத்தில் நான் கண்டதில்லை. அந்த விதிதான் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால், பக்கத்து ஊரான சுருவிலில் ஒருவருடைய இடது கால் பெருவிரல் இன்று அவருடைய காலில் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

சுவிஸில் இருக்கும் எங்கள் மகள் நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்து இரண்டு கிழமை நாரந்தனையில் எங்களோடு நின்றாள். அவளை ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்ட பிறகு அறைக்குள் போனால் என் கட்டிலில் ஒரு பெட்டி. கையில் தந்தால் வாங்கமாட்டேன் என்று தெரிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளே ஒரு பருத்திப் பை, பைக்குள் கறுப்புச் செருப்பு. இரண்டு அகல வார், தடித்த அடி. ஊர்காவற்றுறைக் கடை வாசலில் கயிற்றில் தொங்கும் செருப்புக்கும் இதற்கும் இடையில் நான் கண்ட வித்தியாசம் அந்தப் பருத்திப் பை மட்டும். விற்பனைச் சீட்டும் பெட்டிக்குள் இருந்தது. கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற என் மனைவி, சீட்டில் கிடந்த பிராங்கை மனத்தாலேயே ரூபாயாக்கினாள்.

"உங்கடை மூண்டு மாதப் பென்சன். சில்லறை மிஞ்சும்," என்றாள்.

அடுத்த நாள் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, உது என்ன செருப்பு?"

"டிசைனர், அப்பா. போட்டுப் பாத்தனீங்களோ?"

"விலையைப் பாத்தனான். அதுக்குப் பிறகு கால் உள்ளுக்குப் போகேல்லை."

"பில்லை ஏன் பாக்கிறியள்?"

"பெட்டிக்குள்ளை கிடந்த காகிதத்தை வாசிக்காமல் விட்டுப் பழக்கமில்லை."

அவள் சிரிக்கவில்லை. "நீங்கள் நெடுந்தீவிலை வேலை செய்யேக்கை வெள்ளிக்கிழமையிலை போட்டிலை வருவியள். குதி முழுக்க வெடிப்பு. அதுக்குள்ளை கிடக்கிற கல்லுத்தூளை நான்தான் ஊசியாலை எடுத்து விடுறனான். மறந்து போச்சோ?"

"அதுக்கு இப்ப ஏன்?"

"இப்பதானே அப்பா என்னட்டைக் காசு கிடக்கு."

பதில் இல்லாத கடிதத்துக்கு நான் வழமையாகச் செய்வதைச் செய்தேன். பேச்சை மழைக்கு மாற்றினேன். ஆனால் முடிவு எடுத்தாயிற்று. மனைவியின் தம்பி முறையான ஒருவர் பத்து நாளில் சுவிஸுக்குத் திரும்பவிருந்தார். பெட்டியை அவரிடம் கொடுத்தனுப்பி, மகளையே கடையில் ஒப்படைக்கச் சொல்வது. முப்பது நாளில் பதின்மூன்று மிச்சம். நேரம் போதும்.

இடையில் எங்கள் ஊரில், இரண்டு ஒழுங்கை தள்ளி, ஓர் அந்தியேட்டி, இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் காரியம், வந்தது. அன்று காலை பார்த்து என் றப்பர் செருப்பின் வார் அறுந்தது. அந்தியேட்டி வீட்டுக்கு ஒரு மனிதன் வெறுங்காலோடு போகலாம், ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர் போக ஏலாது என்று எனக்குள் ஒரு விதி இருந்தது. அதை எந்த ஆணைக்குழுவும் வகுக்கவில்லை. பெட்டியைத் திறந்தேன். "அணியப்படாத நிலை" கெடாமல் இருக்க, பார்சல் கட்டும் மண்ணிற டேப்பை இரண்டு அடியிலும் வரிவரியாக ஒட்டினேன். நடக்கும்போது சரசரவென்று சத்தம் வந்தது. மனைவி பக்கத்தில் நடக்க வெட்கப்பட்டு இரண்டு எட்டு முன்னால் போனாள்.

படலைக்குள் நுழைந்ததும் வழமையான செருப்புக் குவியல். நான் குவியலில் விடவில்லை. தனியே ஒரு குறோட்டன் செடியடியில் வைத்தேன். தனியே இருந்தால் ஒருவரும் மாறிப் போடமாட்டார்கள் என்பது என் மதிப்பீடு. பாயாசம் வரைக்கும் சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்தால் செடியடியில் வேறொரு சோடி கிடந்தது. அதுவும் கறுப்பு, அதுவும் இரண்டு வார். ஆனால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடது செருப்பின் முன்வாரைக் கத்தியால் பாதிவரை வெட்டி அகட்டியிருந்தார்கள்.

"மூண்டு மாதப் பென்சனை வாசல்லை விட்டிட்டுப் பாயாசம் குடிச்சனீங்கள்," என்றாள் மனைவி. "ருசியாய் இருந்திருக்கும்."

அந்தச் செருப்பைக் கையில் வைத்து யோசித்தேன். இடது வாரை வெட்டியது பெருவிரலில் துணிக்கட்டு இருப்பவர். கூட்டத்தில் கால் மிதிபடாமல் இருக்க அவரும் குவியலை விட்டுத் தள்ளி, அதே செடியடியில் கழற்றியிருக்கிறார். வீட்டுக்காரரைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்தது. இறந்தவருடைய ஒன்றுவிட்ட தமையன், சுருவிலில் இருப்பவர், மாடு வளர்ப்பவர், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவர்.

அவர் வெட்டிய செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாளே ஸ்கூட்டரில் சுருவிலுக்குப் போனேன். அவர் முற்றத்து வேம்பின் கீழ் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இடது கால் முக்காலியில். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். அவருடைய மனைவி உள்ளே ஓடி, துவாயில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்தார்.

"அந்தியேட்டி வீட்டுக்கு ஆளனுப்பிக் கேக்கத்தான் இருந்தனாங்கள் தம்பி," என்றார் அந்த அக்கா. "ஆற்றை செருப்பு எண்டு எங்களுக்குத் தெரியேல்லை. அடியிலை ஏதோ டேப் சுத்திக் கிடந்தது. ஊத்தையாய்க் கிடக்கு எண்டு உரிச்சு எறிஞ்சு, சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுக் கழுவி வைச்சிருக்கிறன்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "நல்லாய்க் கழுவினனான்," என்று இன்னொருமுறை உறுதி தந்தார்.

கதிரையில் இருந்த அண்ணை மெல்லப் பேசினார். "எனக்குக் கால் விறைப்பு, தம்பி. போட்டிருக்கிறது என்ன செருப்பெண்டே தெரியாது. பஸ்ஸாலை இறங்கி வீட்டை நடந்து வந்து புண்ணிலை கட்டின துணியை அவிட்டால், காய்ஞ்சு கிடக்கு. அவ்வளவு தூரம் நடந்தால் ஒவ்வொருநாளும் ஈரமாய் இருக்கும். அப்பதான் குனிஞ்சு பாத்தனான். என்ரை செருப்பில்லை எண்டு தெரிஞ்சது."

"பிறகு போடேல்லையோ?"

"மாறிப் போட்டால் பிழை. தெரிஞ்சு போட்டால் அதுக்கு வேறை பேர்."

பெருவிரலின் கீழே புண். கிளினிக் டொக்டர் சொல்லிவிட்டாராம்: தைக்குள் காயாவிட்டால் விரலை எடுக்க வேண்டும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல ஏலாது. இதை அவர் மாட்டின் பால் குறைந்துவிட்டது என்பதுபோல் சொன்னார். அக்கா குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் நல்லதாக ஏதோ செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் செய்தது இது: அவருடைய வெட்டிய செருப்பை அவரிடம் கொடுத்தேன், என்னுடையதை வாங்கிக்கொண்டேன், தேத்தண்ணி குடித்தேன், வந்துவிட்டேன். முப்பது நாளில் ஏழு மிச்சம் இருந்தது.

வீட்டில் மனைவி கதை முழுவதையும் கேட்டாள்.

"அப்ப அவர் இப்ப எதைப் போட்டிருக்கிறார்?"

"அவற்றையைத்தான். நான்தானே கொண்டுபோய்க் குடுத்தனான்."

"வாரை வெட்டினதை."

"ஓம்."

"நல்லது," என்றாள். "உங்கடை உங்களுக்குக் கிடைச்சிட்டுது." பிறகு வெறும் பெட்டியைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

கண்ணாடியைப் போட்டுச் செருப்பை வெளிச்சத்தில் பார்த்தேன். இடதில், பெருவிரல் இருக்கும் இடத்தில், விரலின் அளவில் ஒரு மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. சவுக்கார மணம் வேறு. எந்தக் கடைக்காரனும் இதை "அணியப்படாத நிலை" என்று ஏற்கமாட்டான். உண்மையைச் சொன்னால், இரக்கம் வருவதற்கு முன்னர் விதி முறிந்தது. விதி முறிந்த பிறகுதான் இரக்கத்துக்கு என் மேசையில் இடம் கிடைத்தது. வந்ததே பெரிய காரியம் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் காலை மீண்டும் சுருவில். அவர் வாங்க மறுத்தார்.

"வேண்டாம் தம்பி. உங்கடை பிள்ளை உங்களுக்கெண்டு வாங்கித் தந்தது."

இதை எதிர்பார்த்தே ஒரு காகிதம் தயாரித்துக் கொண்டு போயிருந்தேன். "இது தானம் இல்லை அண்ணை. தற்காலிக வழங்கல். பாதணி, கறுப்பு, சோடி ஒன்று. திருப்பி ஒப்படைக்க வேண்டியது."

"கையெழுத்து வைக்க வேணுமோ?" என்று அக்கா கேட்டார்.

"இரண்டு பிரதியிலை."

அண்ணை காகிதத்தைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். தானத்துக்கு இறுகிய முகம் படிவத்துக்கு இளகியது. "எத்தினை நாளைக்கு?"

"அரசாங்கச் செருப்பு வருமட்டும்."

"அப்ப சாகுமட்டும் எண்டு எழுதுங்கோ," என்றார் அக்கா. நாங்கள் மூவரும் சிரித்தோம். அண்ணை கையெழுத்து வைத்தார்.

அரசாங்கச் செருப்பு என்று நான் சும்மா சொல்லவில்லை. விறைத்த காலுக்கு மெத்தென்ற அடிவைத்த பாதணி தேவை என்று டொக்டர் எழுதிய துண்டு, அவர்கள் வீட்டுக் கலண்டருக்குப் பின்னால் இரண்டு மாதமாகக் கிடந்தது. அதை எங்கே கொண்டுபோவதென்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எந்தக் காகிதம் எந்த மேசைக்கு, எந்த மேசையிலிருந்து எந்தத் தட்டுக்கு, எந்தத் தட்டில் எத்தனை நாள் தூங்கும் என்பதெல்லாம் தெரியும். விண்ணப்பம், மருத்துவச் சான்று, கிராம அலுவலர் அத்தாட்சி, அடையாள அட்டைப் பிரதி என்று எல்லாவற்றையும் கோத்து உரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்த மாதம் நினைவூட்டல். அதற்கடுத்த மாதம் இரண்டாவது நினைவூட்டல், மேலதிகாரிக்குப் பிரதியுடன். நினைவூட்டல்களுக்கென்று தனித்தட்டு வைக்கும் வழக்கத்தை என் கந்தோரில் தொடக்கியவனே நான்தான். அந்தத் தட்டில் என் கடிதங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் காட்சி எனக்கு நித்திரையிலும் தெரிந்தது. நியாயமான தண்டனை.

மாரி தொடங்கியது. ஒழுங்கையெல்லாம் வெள்ளம். ஒவ்வொரு மாலையும் அக்கா அந்தச் செருப்பைக் கழுவி, அடுப்புக்குத் தள்ளி வைத்துக் காயவிட்டார். மாட்டுக்கு வைக்கோல் போட, பால் கொடுக்க, கோயிலடிக்குப் போக என்று அண்ணை அதோடுதான் நடந்தார். மனிதர்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து விற்ற பொருள், சாணிக்குள் நின்றது.

ஒருநாள் மகள் கேட்டாள்: "அப்பா, செருப்புப் போட்டு ஒரு படம் அனுப்புங்கோவன்." மறைத்துப் பார்த்தேன், ஏலவில்லை. குறோட்டன் செடி முதல் இரண்டு பிரதி வரை எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்பா," என்றாள், "ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகேக்கை அந்தக் கடையைக் கடந்துதான் போறனான். உள்ளுக்குப் போறவை ஒருத்தரும் விலையைப் பாக்கிறேல்லை. ஒருநாளைக்கு நானும் அப்பிடிப் போகவேணும் எண்டு இருந்தனான். போனனான். வெளியிலை வந்தாப் பிறகு, விசர் வேலை பாத்திட்டன் எண்டு றெயின்லை இருந்து அழுதனான்."

"விசர் வேலைதான்," என்றேன்.

"அவற்றை விரல்?"

"இன்னும் கிடக்கு."

"அப்ப நான் இனி அழேல்லை."

அந்த விலைக்கு அந்தச் செருப்புத் தகுமா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். மனைவியும் கேட்கிறாள், என் வாயால் வரட்டும் என்று. கொள்வனவுகளைத் தீர்மானிக்கும் கேள்விமனுச் சபையில் இது வந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே நிராகரித்திருப்பேன். அந்த வாரில் பொறித்த பெயர் எந்தப் புண்ணையும் ஆற்றவில்லை. வேலை செய்தது அந்த மெத்தென்ற அடியும் விரலை அழுத்தாத அகலமும். அவை இரண்டையும் வைத்தியசாலைப் பட்டறையில் நூறில் ஒரு பங்கு செலவில் செய்யலாம். செருப்புத் தனியே ஒன்றும் செய்துவிடவில்லை. மருந்து கட்டிய தாதி இருந்தார், தேத்தண்ணிக்குச் சீனி போட மறுத்த அக்கா இருந்தார். இதெல்லாம் சரி. ஆனால் மலிவான அரசாங்கச் சோடி மாரி முழுவதும் ஒரு கந்தோர்க் கோவைக்குள் இருந்தது. விலை கூடிய சோடி சுருவிலில் இருந்தது. அந்தக் கடைக்குள் விலை பார்க்காமல் ஒரு தரம் நுழைந்த பிள்ளைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நெடுந்தீவுக் கல்லுத்தூளை அவள் மறக்காததற்கு அதைவிட.

தை பிறந்து இரண்டாவது கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புதுத்தோல் பிடித்துவிட்டது, எடுக்கத் தேவையில்லை என்றார். பிறகு கீழே கிடந்த செருப்பைத் தூக்கி அடியை விரலால் அமத்திப் பார்த்தார். "நல்ல சாமான். எங்கை எடுத்தனீங்கள்?"

"தற்காலிக வழங்கல்," என்றார் அண்ணை.

என் விண்ணப்பத்துக்குப் பதில், "தங்களது கோரிக்கை சாதகமாகப் பரிசீலிக்கப்பட்டுள்ளது, பாதணி ஒரு சோடியை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்ற இரண்டு வரியாக, மாசி மகத்துக்கு மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.