செல்வி படித்துச் சொன்ன கடிதம்

முதலில் போனது தூக்கம். அப்புறம் பசி. கடைசியில் தலை வாருவதுகூடப் பெரிய வேலையாகிவிட்டது. இலங்கை மலையகத்தில், தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. அம்மா இறந்த பிறகு குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். வகுப்பில் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழ மாட்டேன்.

நான்கு மாதம் அதற்கு வாயுக்கோளாறு என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எந்தத் துக்கமும் ஆஸ்பத்திரிக்குப் போனால் 'கேஸ்ட்ரிக்' ஆகிவிடும். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வரத் தொடங்கியதும்தான் பயந்தேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் எல்லாம் தெரிந்த முகங்கள். டீச்சருக்குப் பைத்தியமாம் என்று மறுநாளே கொழுந்து பறிக்கும் மலைவரை போய்விடும். அதனால் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், மனநலக் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருந்தேன்.

டாக்டர் அமைதியான மனிதர், ஆனால் சிங்களம் மட்டும்தான். கடையில் பேரம் பேசும் சிங்களம் என்னிடம் இருந்தது, மனதைச் சொல்லும் சிங்களம் இல்லை. மொழிபெயர்க்க ஒரு சிற்றூழியரைக் கூப்பிட்டார். வந்தது செல்வி, என் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா. அவளுக்கு அங்கே வேலை என்பது எனக்குத் தெரியாது.

"டீச்சர், தூக்கம் எப்படின்னு கேக்குறாரு."

"நல்லா தூங்குறேன்."

பசி உண்டு என்றேன். கவலை இல்லை என்றேன். தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதபடி வீடு வந்தேன். ஒரு மாதம் வீணாயிற்று.

மனம் கனத்தால் அழையுங்கள் என்று, தமிழில் பேசக்கூடிய தொலைபேசி இலக்கத்தோடு ஆசிரியர் அறையில் ஒரு சுவரொட்டி இருந்தது. ஒட்டியவளே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம். பிள்ளைகள் போன ஒரு பிற்பகல், வெறும் வகுப்பறையிலிருந்து அழைத்தேன். இரண்டு முறை பேசாமல் வைத்துவிட்டேன். மூன்றாவது முறை, "சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்று யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு பெண் குரல். அவளுக்கு என்னையும் தெரியாது, என் தோட்டத்தையும் தெரியாது. அது பெரிய ஆறுதலாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் நேராகவே கேட்டாள்.

"சாக வேணும் எண்டு நினைப்பு வருகுதோ?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "வருது" என்றேன். அவள் பதறவில்லை, புத்தியும் சொல்லவில்லை. மறுநாள் காலை மீண்டும் அழைக்கச் சொன்னாள். அழைத்தேன். கிளினிக்குக்குத் திரும்பிப் போகச் சொன்னாள். வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடுக்கலாம் என்றாள்.

கொப்பித் தாளில் ஒரு பக்கம் எழுதினேன். தமிழில் எழுதினால் செல்விதான் படிப்பாள். தெரிந்தேதான் கொடுத்தேன்.

கிளினிக்கில் செல்வி முதல் வரியைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னாள். சாவு பற்றிய வரியில் நின்றாள். அதையும் விடாமல் சொன்னாள். டாக்டர் அவள் வழியாக என்னிடம் நீண்ட நேரம் கேள்வி கேட்டார். மனச்சோர்வு நோய் (வாரக்கணக்கில் விடாத சோர்வு, எதிலும் பிடிப்பில்லாத நிலை) என்றார். மாத்திரையும் உளவளத்துணையும் (பயிற்சி பெற்றவரோடு மனம்விட்டுப் பேசும் சிகிச்சை) தொடங்கின.

வெளியே வரும்போது செல்வி சொன்னாள், "இது இந்த ரூமோட இருக்கும் டீச்சர்." அப்படியே இருக்கிறது.

இதே இடத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று: கதவைச் சாத்தச் சொல்லலாம், வேறு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். எனக்கு அது தெரியவில்லை.

குவார்ட்டர்ஸில் இன்றும் எனக்காக யாரும் காத்திருப்பதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. முன்பு பாடசாலைத் தவணையால் எண்ணிய காலத்தை இப்போது கிளினிக் தேதியால் எண்ணுகிறேன். பசித்தால் வயிறு சொல்கிறது, நானும் கேட்கிறேன்.

பஸ் தரிப்பிடத்தில் பார்க்கும்போதெல்லாம் செல்வி, "தூங்குனீங்களா டீச்சர்?" என்பாள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது சும்மா குசலம். போன வாரமும் கேட்டாள்.

"இல்ல செல்வி," என்றேன். "நேத்து தூங்கல."