பத்துக்கு இரண்டும் ஒரு அழுக்கு ஃபில்டரும்

நேற்று தி.நகரில் பத்துக்கு இரண்டு வாங்கினேன்! (எலுமிச்சை இல்லை. மார்க்கு.)

மகளை இங்கிலீஷ் தேர்வு கோச்சிங்கில் விடப் போனவன், வெயிலுக்குப் பயந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்தியார் சின்ன வயசுக்காரர். என் கையிலும் ஒரு தாளைத் திணித்துவிட்டார்.

"சும்மா போட்டுப் பாருங்க அங்கிள்."

பார்த்தால், ஏசி பற்றிய பாடம்! (இருபத்திரண்டு வருஷமாக மயிலாப்பூரில் ஏசி மெக்கானிக் நான். பிளஸ் டூ தமிழ் மீடியம். மீதி இங்கிலீஷ் மேனுவல் சொல்லிக்கொடுத்தது.)

பாடத்தைப் படித்துவிட்டு, கீழே உள்ள ஒவ்வொரு வரிக்கும் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் என்று மூன்றில் ஒன்று எழுத வேண்டும்.

'ஃபில்டரைச் சுத்தம் செய்யாவிட்டால் குளிர்ச்சி குறையும்.'

கண்ணை மூடிக்கொண்டு ட்ரூ போட்டேன்.

தப்பாம்! நாட் கிவனாம்! பாடத்தில் அப்படி எங்கேயும் சொல்லவில்லையாம்!

"இன்னா தம்பி இது? நான் தெனம் கழுவுற ஃபில்டரு!"

"உண்மைதான் அங்கிள். ஆனா பேசேஜ்ல இல்லயே."

"எழுதுனவருக்குத் தெரியல, அதான் இல்ல!"

வகுப்பே சிரித்தது. எனக்கு ரோஷம். அந்த ரூம் ஏசியும் புழுங்கிக்கொண்டுதான் இருந்தது. பெஞ்சில் ஏறி ஃபில்டரை உருவினேன். கம்பளி மாதிரி தூசி! கழுவி மாட்டியதும் ஜில்லென்று காற்று.

"இப்ப சொல்லு தம்பி. ட்ரூவா, இல்லயா?"

"சூப்பர் அங்கிள்! ஆனா நாட் கிவன்."

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதற்குள் மகளின் பழைய பயிற்சித் தாள்களை எடுத்துக் காட்டினார்.

"இவங்களும் உங்கள மாதிரியேதான் தப்பு பண்றாங்க."

என் மகள் ஆறு வருஷமாக ஐசியூ நர்ஸ். போன மாதத் தேர்வில் மற்றதெல்லாம் வந்தது. ரீடிங்கில் மட்டும் அரை பாயிண்ட் குறைந்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலை தள்ளிப் போனது.

தாளில் இருந்த வரி இது: 'படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும்.'

ட்ரூ போட்டிருக்கிறாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி!

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தன்னைவிட இரண்டு மடங்கு கனமான ஆளைப் புரட்டிப் போடுகிறவள் ஐயா அவள்! அவளுக்கா தெரியாது? தெரிந்தவளுக்குப் பெருக்கல் குறி, தெரியாதவனுக்கு மார்க்கு. இது என்ன நியாயம்? நீங்களே சொல்லுங்கள்!

திரும்பும்போது ஆழ்வார்பேட்டை சிக்னலில் வண்டியின் பின்னாலிருந்து கேட்டாள்.

"எப்பா, தெரிஞ்சத எல்லாம் மறந்துட்டுப் படிக்கணும், அவ்ளோதான். அடுத்த மாசம் வந்துடும்ல?"

"வரும்மா."

"நான் போறதுல உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே?"

"ஹெல்மெட் ஸ்ட்ராப்ப போடு மொதல்ல."

"பாத்தியா, நாட் கிவன்!" என்று முதுகில் தட்டிச் சிரித்தாள்.

(அவள் இந்தப் பக்கம் வருவதில்லை. யாரும் அவளை இந்தப் பதிவில் டேக் செய்துவிடாதீர்கள்.)

அரை பாயிண்ட் போய்விட்டது என்று அவள் அழுத அன்று, இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருப்பாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிஷம் ஜில்லென்று இருந்தது. அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.