சாலட் பொய்

சாலட் என்ற சொல்லை நான் முதன்முதலாகச் சொன்னதே ஒரு பொய்யில்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு. வில்பட்டியிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிக் கொடைக்கானலில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளியில் என்னைச் சேர்த்ததில் அப்பாவுக்கு இருந்த பெருமை எனக்கும் இருந்தது. ஆனால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரைதான்.

என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதியின் அப்பா கொடைக்கானலில் ஒரு விடுதி நடத்தினார். அவள் டப்பாவில் நாளுக்கு ஒரு அதிசயம் இருக்கும். என் டப்பாவில் திங்கட்கிழமை கேரட் பொரியல், செவ்வாய்க்கிழமை பீட்ரூட் பொரியல், புதன்கிழமை மறுபடியும் கேரட். தோட்டத்தில் என்ன விளைந்ததோ அதுதான் டப்பாவுக்குள் வரும். அதில் யாருடைய தப்பும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எல்லாத் தப்பும் அம்மாவுடையது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் சிநேகிதி டப்பாவைத் திறந்தபோது உள்ளே வெளிர்ப் பச்சை இலைகள், வெள்ளரிக்காய், தக்காளி, அதன் மேல் கெட்டியாக, வழவழவென்று வெள்ளையாக ஏதோ ஒன்று. இது சாலட், மேலே ஊற்றியிருப்பது டிரெஸ்ஸிங் என்றாள். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து எனக்கும் கொடுத்தாள். மெல்லிய புளிப்பு, பூண்டு வாசம், நாக்கில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போகும் ஒரு மென்மை. அந்த இலை எனக்குத் தெரிந்ததுதான். லெட்டூஸ். கொடைக்கானல் ஓட்டல்களுக்காக அப்பா ஒரு துண்டு நிலத்தில் அதைப் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் அதை வாயில் வைத்ததில்லை. ஒடிந்ததையும் வாடியதையும் மாடு தின்னும்.

எங்கள் மாடு தின்கிற இலை என்று சிநேகிதியிடம் எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் தோட்டத்து இலை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த டிரெஸ்ஸிங்கை எங்கள் அம்மா வீட்டிலேயே செய்வார் என்றும் சொன்னேன்.

பொய் சொல்பவர்களுக்கு ஒரு கெட்ட நேரம் உண்டு. எனக்கு அது நாலைந்து நாளில் வந்தது. வகுப்பில் உணவுத் திருநாள் என்று ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவும் சனிக்கிழமை காலையில் ஒரு பண்டம் கொண்டுவந்து, மேசைக்குப் பக்கத்தில் நின்று, அதை எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். டீச்சர் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சிநேகிதி எழுந்து, இவங்க அம்மா சாலட் டிரெஸ்ஸிங் செய்வாங்க மிஸ் என்று சொல்லிவிட்டாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். டீச்சரும் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டுத் தாளை உரித்துப் பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தபோது, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. அதில் என்னென்ன போடுவார்கள் என்று மட்டும் கேட்டார். வெள்ளையாக இருக்கும் என்றேன். எனக்குத் தெரிந்த செய்முறை அவ்வளவுதான்.

அம்மா தயிரில் பால் ஏட்டைக் கலந்து, மிளகுத்தூளும் உப்பும் போட்டு அடித்து, ஒரு லெட்டூஸ் இலையில் ஊற்றிக் கொடுத்தார். தின்று பார்த்துவிட்டு, இது தயிர்ப்பச்சடி என்று சொல்லி முன்னைவிடச் சத்தமாக அழுதேன். அம்மா கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு கையைத் துடைத்தார், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார், வாசற்படி இறங்கி மேட்டுப் பக்கம் நடந்தார். எங்கே போகிறார் என்று தெரிந்ததும் என் அழுகை தானாக நின்றுவிட்டது. நானும் பின்னாலேயே போனேன்.

மேட்டில் இருந்தது அத்தை வீடு. அப்பாவின் தங்கை. மாமா இளவயதிலேயே இறந்துபோக, பிள்ளை குட்டி இல்லாமல் அந்தச் சின்ன வீட்டில் தனியாக இருந்தார். காலை முதல் பஸ்ஸில் கொடைக்கானல் போய் வேறொரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் வேலை செய்தார். அம்மாவும் அவரும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எதனால் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் கோழி அத்தை வீட்டுக் கொல்லையில் முட்டையிட்டதுதான் காரணம் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அப்பா இரண்டு வீட்டிலும் டீ குடிப்பார். எந்த வீட்டிலும் அபிப்பிராயம் சொல்ல மாட்டார்.

அத்தை அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அம்மா படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"புள்ள பள்ளிக்கூடத்துல நான் சாலட் செய்வேன்னு சொல்லிப்புட்டா. நாளைக்குக் கொண்டுபோகணும். எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாது. உனக்குத் தெரியும். அதான் வந்தேன்."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"வீட்ல முட்ட கெடக்கா?" என்றார்.

முட்டை இருப்பதாக அம்மா சொன்னார். நம் கோழி முட்டை என்று சேர்த்துக்கொண்டார். எனக்குப் பக்கென்றது, கோழிப் பேச்சை ஏன் எடுக்கிறார்? ஆனால் அத்தைக்குக் கோபம் வரவில்லை. கடலை எண்ணெய் வேண்டாம், வாசனை தூக்கும், சூரியகாந்தி எண்ணெய் ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள் என்றார். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடச் சொன்னார். பச்சை முட்டை போடுவதால் இப்போதே செய்து வைக்கக் கூடாது, காலையில் வெள்ளனே வருகிறேன் என்றார். பேச்சு முழுவதும் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் மதினி என்று முறை சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

காலையில் சொன்னபடி வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு சின்ன வினிகர் பாட்டில், கடுகுத்தூள், முட்டை அடிப்பதற்காக முதுகோடு முதுகு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய இரண்டு முள்கரண்டிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எங்கள் வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்ததால், நடுவீட்டில் எங்கே நிற்பது என்று ஒரு கணம் தயங்கினார். பல்குச்சியும் வாயுமாக அடுப்படிக்கு வந்த அப்பா, தங்கையையும் மனைவியையும் ஒரே இடத்தில் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விட்டார். லெட்டூஸ் அலசுகிறேன் என்று தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்தவர், ஒவ்வொரு இலையையும் முன்னும் பின்னுமாக அலசிக்கொண்டே இருந்தார். அவ்வளவு சுத்தமான லெட்டூஸை எந்த ஓட்டலும் வாங்கியிருக்காது.

அத்தை முட்டைகளைக் கழுவி, குளிர் விடட்டும் என்று கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைத்தார். பிறகு உடைத்து, மஞ்சள் கருவை மட்டும் அகலக் கிண்ணத்தில் விட்டு, கடுகுத்தூள், உப்பு, சில சொட்டு வினிகர் சேர்த்துக் கலக்கினார். அதற்கு மேல் இரண்டு கை போதாது. அடிக்கிறவர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் எண்ணெயைத் துளித்துளியாக விட வேண்டும். அம்மா ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இருவரும் கிண்ணத்தை மட்டும் பார்த்தார்கள். மஞ்சள் வெளுத்துக்கொண்டே வந்து கெட்டியாகத் தொடங்கியது.

கெடுத்தது நான்தான். பஸ் எட்டேகாலுக்கு, பஸ் எட்டேகாலுக்கு என்று நச்சரித்துக்கொண்டே அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். கரண்டி சாய்ந்து எண்ணெய் மொத்தமாக விழுந்தது. அத்தை வேகமாக அடித்தும் பயன் இல்லை. திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகி, மேலே எண்ணெய் மிதந்தது.

அம்மாவின் முகம் சிறுத்துவிட்டது. என் மேல் பழியைப் போட்டிருக்கலாம், போடவில்லை. வரப்போகிற வார்த்தைக்குக் காத்திருப்பவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். "இது ஒண்ணும் கெட்டுப்போகல. சரி பண்ணிரலாம். இன்னொரு முட்ட எடுங்க மதினி."

அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, வெரசாக எழுந்துபோய் முட்டையை எடுத்துவந்தார். வேறொரு கிண்ணத்தில் புது மஞ்சள் கரு. அதில், திரிந்துபோனதையே ஒவ்வொரு கரண்டியாக விட்டு அத்தை அடிக்க அடிக்க, எல்லாம் ஒன்றாகக் கூடி வெண்ணெய் போல வந்துவிட்டது. அதோடு தண்ணீர் வடிந்த தயிர், நசுக்கிய மலைப்பூண்டு, எலுமிச்சைச் சாறு, பொடியாக அரிந்த மல்லித்தழை, ஆடலூரில் அம்மா பிறந்த வீட்டிலிருந்து வந்த மிளகு. அத்தை கரண்டி நுனியில் எடுத்து அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினார். அம்மா சுவைத்தார். புளிப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார். அதற்கு முந்தின நாள்வரை அப்படி ஒரு பண்டம் இருப்பதே தெரியாதவர். அத்தை சிரிக்காமல் ஒரு சிட்டிகை சீனி சேர்த்தார்.

நான் கிளம்பி நின்றபோது, அத்தையும் வர வேண்டும் என்று அம்மா சொன்னார். அத்தை, சோலி கெடக்கு என்று பையைச் சுருட்டினார். போன் பண்ணி ஒரு நாள் லீவு சொல்லு என்று அம்மா செல்போனை எடுத்து நீட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா செய்ததாகத்தானே சொல்லியிருக்கிறேன், அத்தை எதற்கு?

பயந்தது நடந்தது. மேசையில் எங்கள் கிண்ணத்தைச் சுற்றித்தான் கூட்டம். சிநேகிதியின் அம்மாவே ஒரு இலையைத் தொட்டுத் தின்றுவிட்டு, எங்கள் சமையல்காரர் செய்வதைவிட நன்றாக இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார். டீச்சரும் பக்கத்தில் நின்றார். பஸ்ஸில் வரும்போதே நான் எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். முதலில் மஞ்சள் கரு, அப்புறம் எண்ணெய் என்று.

அம்மா அதில் ஒன்றையும் சொல்லவில்லை. அத்தையின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இது எங்க நாத்தனா செஞ்சதுங்க. அவதான் இந்த வேலையில கெட்டிக்காரி. நான் எண்ணெ மட்டும் ஊத்துனேன். அதையும் சரியா ஊத்தல."

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கள் என்றார். அத்தை முதலில் தரையைப் பார்த்துத்தான் பேசினார். போகப்போகக் குரல் நிமிர்ந்துவிட்டது. எக், விஸ்க், மேடம், ஸ்லோவா என்று ஓட்டல் சொற்களெல்லாம் தாராளமாக வந்தன. பச்சை முட்டை இருப்பதால் மத்தியானத்துக்கு மேல் ஒரு வாய்கூட மிச்சம் வைக்கக் கூடாது என்று கறாராக முடித்தார். அந்தக் கவலைக்கு வேலையே இல்லாமல் பதினோரு மணிக்கே கிண்ணம் காலியாகிவிட்டது. அப்ப உங்கம்மாவுக்குத் தெரியாதா என்று சிநேகிதி கேட்டாள். பூண்டு எங்களுடையது என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டேன். பின்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று காது கொடுக்காத அளவுக்கு எனக்குக் கோபம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கிண்ணங்களையும் முள்கரண்டிகளையும் அள்ளிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். அம்மா பின்னாலேயே ஓடி, அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ தொடாத. போயி உக்காரு."

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையை வைத்தால் விறைத்துப்போகும் தண்ணீர். எண்ணெயும் முட்டையும் ஒட்டிக் காய்ந்திருந்த பாத்திரங்களைச் சோப்புப் போட்டு, ஒரு தடவைக்கு மூன்று தடவை தேய்த்தார். அத்தை படியில் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் நம் வீட்டுப் பாத்திரத்தை அத்தை தொடக் கூடாது என்கிறார் என்று நினைத்தேன்.

கல்லூரியில் படிக்கும்போதுதான் சண்டைக்குக் கோழி காரணமில்லை என்று அத்தை சொல்லித் தெரிந்தது. அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சாலட்டுக்கு இரண்டு வருஷம் முன்பு எங்கள் வீட்டுக் கிடாவெட்டு விருந்தில், பந்தி பரிமாற வந்த அத்தையை, ஊரான் எச்சித்தட்டு கழுவுற கை என் அடுப்படிக்கு வேண்டாம் என்று அம்மா எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். விடுதியில் அத்தையை முதலில் தட்டுக் கழுவத்தான் வைத்திருந்தார்கள். சாலட் மேசைக்கு வர அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது கோயம்புத்தூரில் என் வீட்டில் அந்த டிரெஸ்ஸிங்கை மிக்சியில் இரண்டு நிமிஷத்தில் செய்துவிடுகிறேன். யாரும் எதிரே உட்கார்ந்து எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. செய்யும் ஒவ்வொரு தடவையும், அன்று என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த டீச்சருக்கும், முட்டை கெடக்கா என்று மட்டும் கேட்ட அத்தைக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு அத்தையைத் தொடவிடாமல் அவர் பாத்திரம் தேய்த்த நேரம் முழுவதும் நான் கதவோரம் முறைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு இவ்வளவு அழுத்தித் தேய்க்கிறார், முட்டை வாடை எப்போதோ போய்விட்டதே என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.