டாக்டர் செத்தது செல்லுமா?

லிப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருபத்தாறு வருடம் போட்டவர் அவர். எல்லோருக்கும் லிப்ட்காரர். கம்பிக் கயிற்றைத் தன் கையால் தடவிப் பார்க்காமல் பரிசோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடமாட்டார். கட்டட மேலாளர்கள் அதற்காக முணுமுணுப்பார்கள். ஆனால் வேறு ஆள் செய்த வேலையில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவருக்கிருந்த மரியாதையும் இதே கண்டிப்பால் வந்ததுதான். ‘எட்டாம் கப்பல்’ என்ற பழைய விண்வெளித் தொடரின் ரசிகர்கள் பதினொரு பேர், ஒரு தையற்கடையின் மாடியில், துணி வெட்டும் மேசையைச் சுற்றிக் கூடுவார்கள். தொடருக்குப் பின்னால் நாவல், படக்கதை, வானொலி நாடகம் என்று பல வந்தன. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். அதனால் கூட்டம் ஒரு விதி வைத்திருந்தது. திரையில் ஒளிபரப்பானது செல்லும். மற்றவை அதோடு மோதாதவரை செல்லும். முதல் வருடத்து ஒளிப்பதிவு நாடாக்களை டிவி நிலையத்தார் அழித்துவிட்டதால், அந்த அத்தியாயங்களுக்கு அன்று நேரில் பார்த்தவரே சாட்சி. பார்த்தவர் லிப்ட்காரர் ஒருவர்தான்.

இப்படிப் பத்தொன்பது குறிப்புகள் அவர் கண்ணை நம்பிப் பட்டியலில் நின்றன. பெரியது, கப்பல் டாக்டரின் சாவு. நச்சுப்புகை நிறைந்த அறையிலிருந்து டாக்டர் மற்றவர்களை வெளியே தள்ளிவிட்டுக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்கிறார். கதவுக் கண்ணாடியில் அவர் உள்ளங்கை மெதுவாக வழுக்கி இறங்குகிறது. அதைச் சொல்லும்போது லிப்ட்காரர் தன் கையையே தூக்கிக் காட்டுவார். பிற்பாடு வந்த படக்கதைகளில் டாக்டர் உயிரோடு திரிகிறார் என்பதால், அத்தனையும் செல்லாது என்று தள்ளியாயிற்று.

மருந்துக்கடைக்காரம்மா மட்டும் ஒப்பவில்லை. படக்கதைகளைப் படித்து வளர்ந்தவர் அவர். படப்பிடிப்புக்கு எழுதிய மூலப்பிரதியின் நகல் ஒன்று கிடைத்திருப்பதாகவும், அதில் டாக்டர் பிழைத்துக்கொள்வதாகவும், ஞாயிறன்று கொண்டுவருவதாகவும் வியாழக்கிழமை தகவல் அனுப்பினார்.

அதைப் படித்ததும் லிப்ட்காரருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த அத்தியாயம் வந்த அன்று, அவருடைய ஒன்பது வயதில், கடைசிப் பத்து நிமிடம் பாக்கி இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அண்ணன் அடுத்த தெருவில் ஒரு நண்பன் வீட்டுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான் அந்த முடிவு. அதைச் சொல்லிச் சொல்லி, எந்த வருடத்திலோ, தான் பார்த்ததாகவே ஆகிவிட்டிருந்தது. இரண்டு நாள் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “உங்க டாக்டர் செத்து நாப்பது வருஷமாச்சு. இன்னும் பொணத்தை எடுக்கலையா?” என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை, வெளியூரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து கேட்டார். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“டேய், அந்தத் தெருவுலயும் கரண்ட் இல்லடா. நீ முடிவு தெரியாம அழுதுட்டு இருந்த, அம்மா என்னைத்தான் திட்டுவாங்க. வர்ற வழியில யோசிச்சு ஒண்ணு சொன்னேன்.”

“அந்தக் கை வழுக்கி இறங்குமே?”

“அதுவும் நான்தான். நல்லா இருந்துச்சுல்ல?”

ஞாயிறன்று மூலப்பிரதி மேசை நடுவே கிடந்தது. கூட்டத்தின் தலைவரான தையற்காரர் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். எழுதியது எல்லாம் அப்படியே படமாவதில்லை, ஒளிபரப்பானதுதான் செல்லும், அதற்குச் சாட்சி இங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்றார். பல தலைகள் ஆடின. லிப்ட்காரர் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

மருந்துக்கடைக்காரம்மா பிரதியை மூடினார். “தோத்தாப் பரவாயில்லை. ஆனா அண்ணா, ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க. கடைசிக் காட்சியை நீங்க பார்த்தீங்களா?”

கூட்டத்தின் விதி லிப்ட்காரர் பக்கம். நாடா உலகத்தில் எங்கும் இல்லை. அண்ணன் இங்கே வரப்போவதில்லை. இத்தனைக்கும் அந்த நிமிடத்திலும் கண்ணாடியும் உள்ளங்கையும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தன. ‘பார்த்தேன்’ என்றால் பொய் சொல்கிற கூச்சம்கூட வராது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“பார்க்கலைம்மா,” என்றார். “கரண்ட் போயிடுச்சு. எங்க அண்ணன் சொன்னான். அவனும் பார்க்கலையாம்.”

யாரோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்து, பாதியில் நிறுத்தினார். இது எத்தனை நாளாகத் தெரியும் என்று இன்னொருவர் கேட்டார். அண்ணன் விஷயம் நேற்றுத் தெரிந்தது, கரண்ட் போனது மறந்திருந்தது என்றார் லிப்ட்காரர். மறந்திருந்தேன் என்பதற்கும் தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. தையற்காரர் அவர் பக்கம் திரும்பாமலே பட்டியலை எடுத்து அந்த வரியை அடித்தார்.

ஜெயித்த மருந்துக்கடைக்காரம்மா முகத்திலும் தெளிவில்லை. “அப்ப மத்த பதினெட்டு?” என்று கேட்டார் மெதுவாக.

“ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், விடும்மா,” என்றார் தையற்காரர்.

“வேண்டாம், படிங்க,” என்றார் லிப்ட்காரர்.

தையற்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ரெண்டாவது அத்தியாயம். தளபதி சிவப்புக் கையுறை போட்டிருந்தார்.”

லிப்ட்காரர் கண்ணை மூடினார். கையுறை உடனே வந்தது, நல்ல ரத்தச் சிவப்பில், விரல் மடிப்புகளோடு. வீட்டுக் கூடம் வந்தது, டிவி வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுல இருந்தது கறுப்பு வெள்ளை டிவி,” என்றார். “அடிச்சிடுங்க. அடுத்தது படிங்க.”