சத்தம் போடாத கேமரா

வீட்டில் அவளுக்கு வைத்த பேர் ஆந்தை. கண் பெரிது என்பது பாதிக் காரணம்தான். விருந்தாளி வந்தால் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்று, வந்தவர் எப்போது நிஜமாகச் சிரித்தார், எப்போது மரியாதைக்குச் சிரித்தார் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை தாண்டியதும் ஒன்று விடாமல் சொல்வாள். வந்தவரிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். "இவ ஒருத்தி போதும், வீட்டுக்குக் காவலே வேண்டாம்" என்பாள் சித்தி.

இன்று ஆந்தை கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவள். மண்டபத்துக்குள் நுழைந்தால் "போட்டோக்காரம்மா வந்தாச்சு" என்று நாற்காலிகள் நகர்ந்து வழி விடுகின்றன. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் எந்தக் கேமரா வாங்கலாம் என்று அவளிடம்தான் கேட்கிறார்கள். அவளும் பொறுமையாக ஏதோ சொல்கிறாள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதுமே அவள் மனசு பாதி வேறெங்கோ போய்விடுகிறது. தூசி படிந்த கண்ணாடி அலமாரி, ரப்பரும் பழைய தோலும் கலந்த வாசனை, மேசை மேல் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்த இரண்டு கேமராக்கள்.

அப்போது அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒடுக்கமான அறை. ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. வருகிறவர் முகத்தில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்க வேண்டும். நாள் முழுக்க ஊரார் அனைவரையும் ஒரு முடிவுக்கு வரவைக்கிறவளுக்குத் தன் விஷயம் என்று வந்தால் ஒரு முடிவும் வராது. செருப்புக் கடைக்கு அவளோடு போய்விட்டுத் திரும்பிய யாரும் மறுபடி அவளோடு போனதில்லை.

கல்யாணப் படம் எடுக்கப் பழக வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. உறவில் எந்தக் கல்யாணமானாலும் தம்பியின் செல்போனை வாங்கிக்கொண்டு தூண் மறைவில் நின்று எடுப்பாள். மணமக்கள் நேராக நிற்கிற படம் அதில் ஒன்றுகூட இருக்காது. பந்தியில் தனியாகச் சாப்பிடுகிற மாமா, வேலை முடிந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்ட மணப்பெண்ணின் அம்மா, இப்படித்தான் இருக்கும். "பொண்ணு மாப்பிள்ளைய காணோமே, கல்யாணம் நின்னுபோச்சா?" என்பான் தம்பி.

அந்த வருஷம்தான் சித்திக்குக் கல்யாணம் குதிர்ந்தது.

சித்தி என்றாலும் அம்மாவைவிட இவளுக்குத்தான் வயதில் நெருக்கம். ஒரே அறை, ஒரே அலமாரி, தலைக்கு எண்ணெய்கூட ஒரே பாட்டில். சித்தி ஒரு சலவைக்கடையில் துணி வாங்கி வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களுடைய கல்யாணப் பட்டு எத்தனையோ அவள் கையில் வந்து, துண்டுச்சீட்டு குத்தப்பட்டு, வெந்நீராவியில் சுருக்கம் நீங்கிப் போயிருக்கிறது. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்கள் கேட்டுச் சலித்து ஓய்ந்த காலத்தில், கடையின் தண்ணீர் பம்ப் பழுதானது. சரிசெய்ய வந்தவர் அதற்கப்புறம் பழுதே இல்லாத பம்பையும் வாரம் தவறாமல் பார்க்க வந்தார்.

"பம்ப்புல ஏதாவது கோளாறா?" என்று ஆந்தை ஒருநாள் இருட்டில் படுத்துக்கொண்டே கேட்டாள்.

"கோளாறு பம்ப்புல இல்லடி" என்றாள் சித்தி. அவ்வளவுதான். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மோதிரம், வேண்டியவர்களுக்கு மட்டும் பக்கத்து அறையில் சாப்பாடு என்று பேசி முடித்தார்கள். படம் எடுக்க ஆள் வைக்கலாம் என்று அம்மா சொன்னபோது சித்தி கையெடுத்துக் கும்பிட்டாள். கேமராவைக் கண்டால் அவள் முகம் கல்லாகிவிடும். குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் யாருடைய தோளுக்காவது பின்னால்தான் இருப்பாள். வாக்காளர் அட்டைப் படத்தில் யாரோ திட்டிக்கொண்டிருப்பதைக் கேட்பவள்போல இருப்பாள்.

"நான் எடுக்கறேன் சித்தி. நீ பாக்கவே வேண்டாம். நான் எடுக்கறது உனக்குத் தெரியவே தெரியாது."

சித்தி யோசித்தாள். "நீன்னா சரி" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஆந்தை பழைய கேமராக் கடைக்குப் போனாள். தம்பியும் கூடவே வந்தான். அவன் ஒரு மாதமாக வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, தூக்கத்தில்கூடப் பிக்சல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் அவள் சேமிப்புக்குள் அடங்குகிற இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கனமானது. பிடி தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழும்பி விழுந்து 'படக்' என்று அறை முழுக்கக் கேட்கும். இன்னொன்று சின்னது, உள்ளங்கைக்குள் அடங்குவது. கடைக்காரர் அதில் ஏதோ ஒன்றைத் திருகிவிட்டு அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை.

"எடுத்தாச்சா?" என்று கேட்டாள் ஆந்தை.

"எடுத்தாச்சும்மா. உங்க படந்தான்."

திரையில் அவள் முகம் இருந்தது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறபோது தன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவள் அன்றுதான் கண்டாள். கொஞ்சம் பயந்த முகம், ஆனால் பொய் இல்லாதது.

"பெருச வாங்குக்கா. கல்யாணத்துல பெரிய கேமராவத்தான் மதிப்பாங்க. இது பொம்ம மாதிரி இருக்கு" என்றான் தம்பி.

"பெரிசு ரொம்ப நாள் உழைக்கும்" என்றார் கடைக்காரர். "சின்னது கைக்கு அடக்கம். ரெண்டுமே நல்லதுதான். உங்களுக்கு எது புடிச்சிருக்கு?"

அவள் பெரியதை எடுத்தாள், வைத்தாள். சின்னதை எடுத்தாள், வைத்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தெருவை எடுத்துப் பார்த்தாள். கடைக்காரர் தேநீர் வாங்கி வரச்சொல்லி, அது வந்து, குடித்தும் முடித்தார். தம்பி ஒரு முக்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, சித்திக்குப் பேரன் பொறக்கறதுக்குள்ள சொல்லிடு."

பெரியதின் சத்தத்தை இன்னொரு முறை கேட்டாள். பதிவு அலுவலகத்தின் அமைதியில் இந்தப் 'படக்'குக்குச் சித்தி எப்படித் திரும்புவாள் என்று அவளுக்கு அப்படியே தெரிந்தது. அறையில் எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பார்கள் என்பதும் தெரிந்தது. இரண்டில் எந்த நினைப்பு அவளை அதிகம் உலுக்கியது என்று கேட்டால் இன்றும் அவளால் சொல்ல முடியாது.

சின்னதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவள் வாழ்க்கையிலேயே நல்ல ஞாயிற்றுக்கிழமைகள் என்று இப்போது தோன்றுகிறது. காலை வெயில் அறை ஜன்னல் வழியே கட்டில்வரை வந்து விழும். சித்தி தலையைத் துவட்டுவாள், ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பாள், ஜன்னலில் கை ஊன்றித் தெருவில் போகிற குடையை எண்ணுவாள். ஆந்தை மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே இருப்பாள். சித்திக்குத் தெரியவே தெரியாது. ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கு நுனி வெளியே வருவது, நினைத்துக்கொண்டு தனக்குத்தானே புருவம் தூக்குவது, எல்லாம் படத்தில் இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் இந்தக் கட்டிலில் பாதி காலியாகிவிடும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் ஆந்தை இன்னும் ஒன்று எடுத்துக்கொள்வாள்.

கல்யாணத்தன்று சித்தி சாம்பல் நிறத்தில் ஒரு பட்டு கட்டியிருந்தாள். பதிவு அலுவலகத்தின் உள்ளறையில் ஜன்னல்களை அடைத்து இரும்பு அலமாரிகள். கூரையில் புதிதாக மாட்டிய வெள்ளை விளக்குகள், பட்டை பட்டையாக. அதிகாரி பதிவேட்டைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

ஆந்தை அலமாரியோரம் நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. சித்தி பேனாவை வாங்கினாள், ஒரு கணம் நிறுத்தினாள், தன் பேரை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பவள்போல உதடு அசைந்தது. பிறகு எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. ஆந்தை எல்லாவற்றையும் எடுத்தாள். கேமராவின் சின்னக் கண்ணாடி வழியே பார்க்கும்போது ஏதோ நிழல் ஓடுகிற மாதிரி இருந்தது. ராத்திரி தூங்காததால் தன் கண்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தாள். கண் மங்கலாகத் தெரிந்தால் கோளாறு கண்ணில்தான் என்பது அவள் தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

மோதிரம் போட்டு முடிந்து, எல்லாரும் பக்கத்து அறைக்கு நகர்ந்தபோதுதான் திரையில் போட்டுப் பார்த்தாள்.

சித்தியின் முகத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. பேனாவுக்குக் குறுக்கே ஒன்று, பதிவேட்டுக்குக் குறுக்கே ஒன்று. அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். சிறைக்கம்பிக்குப் பின்னால் யாரோ கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. முன்னே பின்னே தள்ளினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சத்தம் இல்லாம வச்சிருக்கியா?"

"ஆமா. ஏன்?"

"இந்த மாதிரி லைட்டுக்குக் கீழ அப்படி எடுத்தா கோடு விழும்னு வீடியோல ஒருத்தன் சொன்னான். நான் அத பாதிலயே தள்ளிவிட்டுட்டேன். ஜன்னல் வெளிச்சத்துல எடுத்தா தெரியாதாம்."

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரே அடியாக ஞாபகத்துக்கு வந்தன. யாரிடமும் சொல்லாமல் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. ஆனால் சித்தி சாப்பாட்டு அறை வாசலில் நின்று இவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போய்ச் சொன்னாள். கேமராவைக் காட்டவும் செய்தாள்.

சித்தி பட்டைகளுக்கு நடுவே தன் கண் எங்கே இருக்கிறது என்று தேடினாள். "கையெழுத்து போட்டது ஒண்ணும் வரலையா?"

"வரல சித்தி."

"மோதிரம்?"

"அதுவும்."

பம்ப்காரர், அன்றிலிருந்து சித்தப்பா, பின்னால் வந்து நின்றார். "அதுக்கென்ன, மறுபடி பேனாவ புடிச்சு போடுற மாதிரி உக்காந்தா போச்சு. அந்த சாரு ஒத்துக்குவாரு. நான் பேசறேன்."

"போட்டத போடுற மாதிரி நடிக்க என்னால முடியாது" என்றாள் சித்தி. குரலில் கோபம் இல்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது; அதை ஆந்தை பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம். "இத்தன வருஷம் கழிச்சு ஒரே ஒரு தடவ போட்டேன். அது போட்டது போட்டதுதான்."

உள்ளே தட்டுகள் வைக்கிற சத்தம்.

ஆந்தை அன்றுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். எல்லார் காதிலும் விழும்படி பேசினாள்.

"சித்தி, வெளிய வா. வாசல்ல நல்ல வெளிச்சம் இருக்கு. இந்தத் தடவ சத்தம் வரும். நீ என்னப் பாக்கணும்."

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. சித்தி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, புது மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, படியிறங்கி வாசலுக்கு வந்தாள்.

மதிய வெயில் எதிர்ச்சுவரில் பட்டு மென்மையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. சைக்கிள் நிறுத்துகிற இடம், ஒரு தண்ணீர்க் குழாய், பக்கத்தில் காய்கிற துடைப்பம். ஆந்தை கேமராவைச் சத்தம் வரும்படி திருகிவிட்டாள். முதல் 'டக்'குக்கே சித்தப்பா கண்ணை மூடிவிட்டார். இரண்டாவதற்கும் மூடினார்.

"அவருக்குப் பம்ப் சத்தம் மட்டுந்தான் பழக்கம்" என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. அவள் முகம் எப்போதும்போலக் கல்லாகத்தான் ஆனது. ஆனால் யார் தோளுக்குப் பின்னாலும் போகவில்லை. தாடையைக் கொஞ்சம் தூக்கி, கேமராவுக்குப் பின்னால் இருக்கிற ஆந்தையை நேராகப் பார்த்தாள்.

"எடு. போதும்னு நான் சொல்லமாட்டேன்."

ஆந்தை எடுத்தாள். ஒவ்வொரு முறையும் சத்தம் வந்தது. ஒவ்வொரு முறையும் சித்தி அங்கேயே நின்றாள்.

அதில் ஒரு படம்தான் இன்றும் சித்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அழகான படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். சித்தி யாரையோ விசாரணை செய்கிற மாதிரி பார்க்கிறாள். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது வழக்கம்.

"கல்யாணத்தன்னிக்கு ஏன் இவ்ளோ கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல" என்பாள் சித்தி, தேநீரை நீட்டியபடி. "எங்க ஆந்தை கூப்பிட்டா. நின்னேன்."